காற்றுக்குக் கட்டிய தோரணம்

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் எதைக் கட்டித் தொங்கவிட்டாலும் காற்று அதைச் சோதித்துப் பார்த்துவிடும். ஊருக்கு மேற்கே மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் இடம் ஆரியங்காவுக் கணவாய். கேரளத்துப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குக் காற்று அந்த இடுக்கில் நெருக்கியடித்து நுழைந்து, செங்கோட்டையைத் தாண்டித் தென்காசியில் வந்து விரிகிறது. ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தின் அடியில், வாசல் வழியே அது பீறிட்டுப் போகும். நுழையும்போது எதிரே நின்று மார்பில் தள்ளும் காற்று, நாலடி வைத்ததும் முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இது. சிதைந்து கிடந்த கோபுரம் மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990-இல். இத்தனை காலத்தில் அந்த வாசலில் எத்தனை தோரணங்கள் ஏறி இறங்கியிருக்கும்! காற்றுக்கு நின்றவை, நிற்காதவை என்று அவற்றை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம்.

இந்த வட்டாரத்தில் அலங்காரம் கட்டத் தெரிந்தவர்கள் கண்ணை மட்டும் நம்பிக் கட்டுவதில்லை. புரட்டாசி நவராத்திரியில் ஆரம்பித்து, குற்றாலத்தில் ஐப்பசி விசு, தென்காசியில் ஐப்பசித் திருக்கல்யாணம், இலஞ்சி குமாரர் கோயிலில் கந்த சஷ்டி என்று போய், கார்த்திகைத் தீபத்தில் முடியும் மூன்று மாதமும் வீட்டு வாசலில் ஏதாவது தொங்கிக்கொண்டோ எரிந்துகொண்டோ இருக்கும். குளிர்நாடுகளில் இதே மாதங்களில் இலை சிவந்து உதிர்கிறது. அங்கே சருகையும் பைன் காயையும் பூசணியையும் வாசலில் வைத்து அழகு பார்க்கிறார்கள். நம் மலையில் மரம் இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். புரட்டாசியில் குற்றாலத்து மலை ஒரு சாரலை முடித்துவிட்டு அடுத்த மழைக்குத் தயாராக நிற்கிறது. ஆகவே நம் கைக்கு வருவது குருத்தும் கொழுந்தும் புதுக்கதிரும் முளையும்தான். எல்லாமே வளைத்தால் வளையும், மடித்தால் மடியும் சாமான்கள். காற்றும் திசை மாறுகிற நேரம் அது. சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளை ஆனி, ஆடியில் சுழற்றிய மேல்காற்று ஓய்ந்து, ஐப்பசியில் வாடை தலைகாட்டும். ஒரு பக்கக் காற்றுக்கு மட்டும் கணக்குப் பண்ணிக் கட்டியது மறுபக்கக் காற்றில் முறுக்கிக்கொள்ளும்.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் கவிதையில் உருவத்தை விடாமல் வலியுறுத்தியவர். ராஜாஜியும் கல்கியும் தேடிவந்து கேட்ட ரசனை அவருடையது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஓலைத் தோரணத்தின் உருவத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது சரியாகப் படவில்லை. தோரணத்துக்கும் உருவம் உண்டு. ஆனால் அது அசையும்போதுதான் முழுதாகத் தெரியும். சும்மா தொங்கும் தோரணத்தைப் பார்த்து நல்லது, கெட்டது சொல்வது, பாட்டை ஏட்டில் பார்த்துவிட்டு ராகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற காரியம்.

முதலில் குருத்தோலை. தென்னையின் நடுமண்டையில் இன்னும் விரியாமல் ஈட்டியாக நிற்கும் ஓலை அது. பச்சை ஏறுமுன் தந்த நிறத்தில், தொட்டால் மெழுகுபூசிய வழவழப்போடு இருக்கும். தோப்புக்காரர் இதைச் சும்மா தரமாட்டார், தரவும் கூடாது. குருத்தை வெட்டினால் அந்த மரத்தின் காய்ப்பு அடிபடும். வெட்டப்போகிற மரம், காய்ப்பு நின்ற கிழட்டு மரம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லிவைத்து வாங்குவதுதான் வழக்கம். வெயில் ஏறுமுன் வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் ராத்திரி வரை துவளாது. கல்யாணப் பந்தல்காரர்கள் ராத்திரியில் உட்கார்ந்து ஓலை பின்னுவதற்குக் காரணம் ஆள் சௌகரியம் மட்டும் கிடையாது. ராத்திரிக் குளிர்ச்சியில் ஓலை உடையாமல் மடியும்.

ஒரே ஒரு ஓலை இதழைக் கையில் எடுத்துப் பார்ப்போம். இரண்டு விரல் அகலம், ஒரு முழத்துக்கு மேல் நீளம், நடுவில் ஈர்க்கு. பழகாத கை முதலில் செய்கிற காரியம் ஈர்க்கை முழுக்க உருவி எறிவதுதான். உருவினால் மடிக்க எளிது, உண்மை. ஆனால் ஓலைக்கு எலும்பு போய்விடும். காற்று வந்தால் எல்லா இதழும் கயிற்றில் போய்ச் சுற்றிக்கொள்ளும். தெரிந்தவர்கள் அடிப்பாதியில் ஈர்க்கை விட்டுவிட்டு நுனிப்பாதியில் மட்டும் நகத்தால் கீறி உருவுவார்கள். மேலே விறைப்பு நிற்கும், கீழே நெகிழ்வு கிடைக்கும். பிறகு இதழைக் கயிற்றின்மேல் மடித்துப் போட்டு, இரண்டு ஓரத்திலும் கத்தி நுனியால் சாய்வாகக் கீறி, கீறிய துண்டுகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துச் செருகினால் வரிசையாகக் கண்ணிகள் விழும். நுனியை மட்டும் மெல்லிசாகக் கிழித்துத் தொங்கவிட்டால் வால். கீறல் எல்லாம் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்று கோணினாலும் அந்த இதழ் தனியாக ஒரு திசைக்குத் திரும்பி நிற்கும். வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் திரும்பிப் பார்த்தால் கண் அங்கேயே போகுமே, அதே கதைதான்.

தென்காசிச் சந்தையில் ஓலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதழுக்கு இதழ் ஒரு சாண் விட்டுக் கட்டினார். கேட்டேன்.

"அண்ணாச்சி, இம்புட்டு இடைவெளி விடுதீயளே, கயிறு தெரியாதா?"

"தெரியட்டும்யா. காத்து போவணும்லா. நெருக்கிக் கட்டினா பாய் ஆயிரும். பாயைக் கொண்டுபோயி வாசல்ல தொங்கவிட்டா, காத்து அறுத்துக்கிட்டுப் போயிரும் பாத்துக்கிடுங்க."

இடைவெளியும் கட்டின பொருள்தான் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதன்பிறகு எந்தத் தோரணத்தைப் பார்த்தாலும் ஓலையை விட்டுவிட்டு நடுவில் விட்ட வெறும் கயிற்றைத்தான் முதலில் பார்க்கிறேன். இதழ் ஒன்று ஆடி முடித்துத் தன் இடத்துக்குத் திரும்புகிற வரைக்கும் பக்கத்து இதழ் அதைத் தொடக்கூடாது. அந்த அளவு இடம் விட்டிருந்தால், காற்று வாசலின் ஒரு ஓரத்தில் புகுந்து மறு ஓரத்தில் வெளியேறுவதை ஓலை வரிசை அப்படியே எழுதிக்காட்டும். கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவதும் தப்பு. நடுவில் ஒரு கைப்பிடி தொய்வு வேண்டும். விறைத்த கயிறு காற்றில் அதிரும், தொய்ந்த கயிறு ஊஞ்சலாடும்.

இலங்கைத் தமிழரிடம் குருத்தோலைத் தோரணத்துக்கு இன்னும் கறாரான இலக்கணம் உண்டு. அவர்கள் ஓலையில் மடித்து வைப்பது குருவி. மங்கலக் காரியத்துக்கு நான்கு குருவி, துக்க வீட்டுக்கு மூன்று. குருவி பார்க்கும் திசையும் மாறும். தூரத்தில் வரும்போதே வாசலைப் பார்த்து, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நம் பக்கத்தில் அந்தக் கணக்கு அவ்வளவு கண்டிப்பாக இல்லை. ஆனால் பிள்ளைகளின் கையில் ஓலை வேறு விதமாகப் பிழைத்திருக்கிறது. கிளி, பாம்பு, பந்து, ஊதல், கைக்கடிகாரம், உள்ளே நாலு கல்லைப் போட்டு மூடிய கிலுகிலுப்பை என்று ஒரு விளையாட்டுக் கடையையே ஓலையில் செய்யலாம்.

வீட்டில் எளிதாகத் தொடங்க ஒன்றைச் சொல்கிறேன். ஒரே அகலத்தில் இரண்டு ஓலைக் கீற்று எடுத்து, அடிநுனிகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வைத்து ஒரு நூலால் கட்டிக்கொள்ளுங்கள். கீழே இருப்பதை மேலே மடியுங்கள். இப்போது கீழே வந்ததை மேலே மடியுங்கள். இதே காரியத்தை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனால் சதுரச் சதுரமாக அடுக்கு ஏறும். முடிவில் நூலால் கட்டி, மேல்நுனியைப் பிடித்துத் தூக்கினால் அது நீண்டு இறங்கி, விட்டால் சுருங்கி ஏறும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட வரும். இந்தச் சங்கிலியின் கீழே ஒரு சின்ன கனம் வேண்டும். ஒரு பாக்கைக் கட்டினால் போதும். கனம் இல்லாத சங்கிலி காற்றில் பறந்து கயிற்றில் மாட்டிக்கொள்ளும். பாக்கு கட்டியது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது மாவிலை. இதற்கு ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். இலையின் அடிப்பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து, அதன் காம்பாலேயே இலையைக் குத்திச் செருகிவிட்டால் நிற்கும். காம்பு முறிந்துபோனால், ஓலையில் உருவிப்போட்ட ஈர்க்கிருக்கிறது. விரற்கடை நீளம் ஒடித்துக் குத்தினால் சரி. ரசனை எல்லாம் இலையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. செம்பு நிறக் கொழுந்து பார்க்க அழகு, மத்தியானத்துக்குள் தொங்கிப்போகும். முற்றிய கரும்பச்சை இலையில் பூச்சி தின்ற ஓட்டையும் சாம்பல் புள்ளியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே, கொழுந்துநிறம் போய்ப் பச்சை இப்போதுதான் கெட்டிப்பட்ட இலைதான் தோரணத்து இலை. அது காய்ந்தாலும் உதிராது. ஓரம் உள்பக்கம் சுருண்டு தகடாகும். ஓலைத் தோரணம் முதல் நாள் தந்தமும் மறுநாள் வைக்கோலுமாகி நாலைந்து நாளில் பழுப்பேறி ஓயும்போது, மாவிலை காய்ந்தபிறகுதான் பேசவே ஆரம்பிக்கும். ஆயுத பூசைக்குக் கட்டிய மாவிலை ஐப்பசி வாடையில் சலசலக்கும் சத்தம் எனக்குப் பச்சை இலையின் அழகைவிட ஒருபடி மேல். அதற்காகவே அதை அவிழ்க்காமல் விடுகிற வீடுகள் உண்டு. அவிழ்க்கச் சோம்பல்பட்டு விடுகிற வீடுகளும் உண்டு.

கோயில் திருவிழாப் பந்தலுக்குப் போனால் சாமான் பெரிதாகும். வாசலின் இருபுறமும் குலை தள்ளிய வாழை, செவ்விளநீர்க் குலை, கமுகங்குலை, கூந்தப்பனை. இதில் கூந்தப்பனைக்கு மேல் எனக்கு எதுவும் இல்லை. மலையடிவாரத்து மரம். அதன் பூங்குலை நூறு சரமாகப் பிரிந்து முழங்கணக்கில் தொங்கும். மனிதன் இதில் செய்ய வேண்டியது எதுவும் கிடையாது. கொண்டுவந்து கட்ட வேண்டியதுதான். நல்ல பந்தல்காரர் அதன்மேல் பூச்சரம் சுற்றமாட்டார், வண்ணத்தாள் ஒட்டமாட்டார். அந்தச் சரங்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசிப் பிரிவதைப் பார்க்க விடுவார். எதைத் தொடாமல் விட வேண்டும் என்று தெரிந்த கைதான் தேர்ந்த கை.

மூன்றாவது நெற்கதிர்க் குஞ்சம். தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்து நஞ்சைக்குக் கார், பிசானம் என்று இரண்டு போகம். கார் அறுவடை புரட்டாசியை ஒட்டி வரும். புதுக்கதிர் கைக்குக் கிடைப்பதும் நவராத்திரி வருவதும் ஒரே சமயம். மலைக்கு மேற்கே நிறைபுத்தரிசி நாளில் கதிர்க்கட்டுகளைக் கோயிலில் வைத்துப் பூசித்து, ஆளுக்கு நாலு கதிராக வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் கட்டுகிறார்கள். குமரி மாவட்டத்திலும் அந்த வழக்கம் இருக்கிறது. கிழக்கே செட்டிநாட்டு வீடுகளில் குருவிக்கென்று கதிர்க் குஞ்சம் தொங்கவிடுவார்கள். இங்கிலாந்துக் கிராமங்களில் கடைசிக் கோதுமைக் கட்டின் தாளைப் பின்னி உருவம் செய்து, பனிக்காலம் முழுக்க வீட்டில் வைத்திருந்து, அடுத்த உழவில் மண்ணுக்குள் விடுகிற வழக்கம் இருந்தது. அறுத்த வயலில் இருந்து ஒரு கைப்பிடியை அடுத்த விதைப்பு வரை கண்முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றுக்கொன்று தெரியாத ஊர்களுக்கெல்லாம் தோன்றியிருக்கிறது.

குஞ்சம் பின்னத் தாள் நீளமாக வேண்டும். இன்றைய குட்டை ரகங்களில் நீளம் போதாது. அறுவடை இயந்திரம் ஏறி இறங்கிய வயலில் இருக்கிற தாளும் நசுங்கிப்போகும். இயந்திரம் வருமுன் வரப்போரமாக அரிவாளால் ஒரு கைப்பிடி அறுத்து வைக்கச் சொல்லி வயல்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கதிர் முழுக்கப் பழுத்திருக்கக் கூடாது. பழுத்தால் பின்னும்போதே மணி கொட்டும். பால் வற்றி, மணி இறுகி, தாளில் இன்னும் லேசாகப் பச்சை ஓடுகிற பருவம் சரியாக இருக்கும். தாளை மட்டும் ஈரத்துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, மூன்று கதிரை எடுத்துச் சடை பின்னத் தொடங்குங்கள். ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு கதிரைச் சேர்த்துக்கொண்டே போனால், தாள்கள் நடுவில் சடையாக ஓடும், கதிர்கள் வெளியே தலைசாய்த்து நிற்கும். இங்கேயும் காற்றுதான் தேர்வாளர். இரண்டு முனையையும் கட்டினால் குஞ்சம் செத்துப்போகும். ஒரே கயிற்றில் ஒரே முடிச்சில் தொங்கவிட்டால், மேல்காற்றுக்கு ஒருபக்கமும் வாடைக்கு மறுபக்கமும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். குருவி வந்து உட்கார்ந்தால் அதன் கனத்துக்கு இன்னொரு சுற்று. கார்த்திகைக்குள் மணியெல்லாம் போய்ச் சடை மட்டும் மிஞ்சும். பின்னல் ஒழுங்காக இருந்ததா என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்குள் கொலுப்படிக்குக் காற்று வராது. பொம்மைகளைப் பற்றிப் பேச இங்கே இடமில்லை. மரப்பாச்சியும் விளாச்சேரி மண்பொம்மையும் வாங்கி வைப்பவை. வீட்டில் செய்வது படிக்குப் பக்கத்தில் தரையில் போடும் பார்க். தாம்பாளத்திலோ பழைய டிரேயிலோ மணலும் மண்ணும் கலந்து பரப்பி, விதையைத் தூவி, கைத்தெளிப்பாகத் தண்ணீர் விடுகிற வேலை. கடுகு புல்வெளிக்கு ஆகும். வெந்தயம் இலை பெரிது, அது தோட்டத்துக்கு. கேழ்வரகு நேராக ஊசி ஊசியாக எழும், வயல் வேண்டுமென்றால் அதுதான். கோயில் முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பதால் அது வெளிர்மஞ்சளாக எழும்பும். பார்க்கில் பச்சை வேண்டும், ஆகவே முளை விட்டதும் சன்னலோரம் வைக்க வேண்டும். ஒரே நாளில் எல்லா விதையையும் தூவிவிட்டால் நாலாம் நாள் அழகாக இருக்கும், சரஸ்வதி பூசைக்குள் உயர்ந்து சாய்ந்து படுத்துவிடும். பாதியை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னும், மீதியைக் கொலு வைத்த மூன்றாம் நாளும் தூவுவது விவரம் தெரிந்த ஆச்சிமார்களின் வழி. பழைய பாத்தி சாயும்போது புதுப்பாத்தி எழுந்திருக்கும்.

தென்காசிப் பக்கத்துப் பார்க்குகளில் குற்றாலம் இல்லாமல் இருக்காது. செங்கல்லை அடுக்கி, பழைய சாக்கைக் களிமண் கரைசலில் முக்கி அதன்மேல் போர்த்திவிட்டால், காய்ந்ததும் பாறை மடிப்பு தானாக விழுந்திருக்கும். அருவிக்கு இலவம்பஞ்சு. பெரும்பாலோர் உச்சியில் இருந்து அடிவரை ஒரே நீளத்துக்குப் பஞ்சை இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். அது எந்த ஊர் அருவியாகவும் இருக்கலாம், குற்றாலப் பேரருவியாக மட்டும் இருக்க முடியாது. பேரருவி நேரே தரைக்கு வருவதில்லை. பாதியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் கிடங்கில் விழுந்து, அங்கே நிரம்பிப் பொங்கி, வேகம் தணிந்து மறுபடி இறங்குகிறது. அதனால்தான் அடியில் நின்று நாம் குளிக்க முடிகிறது. கொலுவில் இதைக் காட்ட நடுவில் ஒரு சிரட்டையைப் பதித்தால் போதும். மேல்பஞ்சை முறுக்கிக் கனமாகச் சிரட்டைக்குள் இறக்கி, அதன் விளிம்பில் இருந்து பஞ்சைப் பிரித்து அகலமாகக் கீழே விட வேண்டும். முறுக்கியதும் பிரித்ததும் ஒரே பஞ்சுதான், ஆனால் பார்க்கிறவர் கண்ணில் தண்ணீர் வேகம் மாறி இறங்கும். ஐந்தருவி இன்னும் எளிது. பஞ்சை ஐந்தாகப் பிரித்து, ஐந்தும் ஒரே அகலம் ஆகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

கார்த்திகையில் காற்றுக்கும் கைக்கும் நேருக்கு நேர் பேச்சு. அகல் விளக்கை வாசலில் வரிசையாக வைப்பது சமவெளி ஊர்களுக்குச் சுலபம். இந்த ஊர்க் காற்றில் பாதி அணையும். பழைய வீடுகளில் சுவரில் மாடக்குழி வைத்துக் கட்டியதற்கு அழகு ஒரு காரணம் என்றால், காற்று இன்னொரு காரணம். மாடக்குழி இல்லாத வீட்டில் சிரட்டையை நாலைந்து இடத்தில் துளையிட்டு, சாய்த்து, காற்று வரும் பக்கம் முதுகு காட்டி அகலுக்கு மறைப்பாக வைத்துப் பாருங்கள். சுடர் நிற்கும், துளை வழியே தரையில் வெளிச்சப் புள்ளிகள் விழும். பனங்குருத்தோலைக்கும் அன்று வேலை இருக்கிறது. அரிசிமாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், சிறுபயறு எல்லாம் பிசைந்து ஓலைக்குள் வைத்து மூடி அவித்த கொழுக்கட்டையைப் பிரிக்கும்போது, ஓலையின் வரிகள் அச்சாக மாவில் விழுந்திருக்கும். கட்டித் தொங்கவிட்ட ஓலையில் கிடைக்காத வாசனை அங்கே கிடைக்கும்.

கோயில் முன்னால் பனைமரத்தண்டை நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றிக் கொளுத்தும் சொக்கப்பனை ஊர்க்காரியம். பையன்களின் காரியம் மாவளி. ஆண்பனையின் காய்ந்த பூங்கதிரைக் குழியில் போட்டு எரித்து, சாம்பலாகுமுன் மூடிக் கரியாக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கரியை இடித்துப் பொடியாக்கி, பருத்தித் துணியில் நீளமாகப் பொதிந்து இறுக்கிச் சுற்றி, மூன்றாகப் பிளந்த பனைமட்டையின் நடுவில் வைத்துக் கட்டி, கயிறு போட்டு, நுனியில் ஒரு கங்கு வைத்துச் சுற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். பொடி நைசாக இருந்தால் பொறியும் நைசாக, மஞ்சளாக, தொடர்ச்சியாக வரும். கரகரப்பாக இருந்தால் திட்டுத்திட்டாகச் சிதறும். துணி தளர்ந்திருந்தால் கங்கு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தின்றுவிடும். காற்றைத் தன் கையாலேயே உண்டாக்கிக்கொள்கிற அலங்காரம் இது ஒன்றுதான். சுற்றுவதை நிறுத்தினால் கருப்பு, சுற்றினால் வட்டம். உருவம் அசைவில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடைத்தெருவில் பிளாஸ்டிக் மாவிலை சரம் சரமாகத் தொங்குகிறது. வேலைக்குப் போகிற வீட்டில், ஐப்பசி மழையில், ஒருதடவை மாட்டினால் வருஷம் முழுக்கக் கிடக்கும் பொருளை வாங்குகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரக்கைப் பற்றிச் சொல்லலாம். அந்த இலை எல்லாம் ஒரே அச்சு, ஒரே கனம், ஆகவே காற்று வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே நேரத்தில் திரும்பும். மாமரத்து இலையில் ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றின் காம்பு தடிப்பு. ஒவ்வொன்றும் தன் கனத்துக்குத் தக்க நேரத்தில் ஆடும். அந்தச் சின்னச் சின்ன முந்துதலும் பிந்துதலும்தான் நம் கண்ணை வாசலில் பிடித்து நிறுத்துகிறது. இன்னொன்றும் உண்டு. காய்ந்துபோகாத தோரணத்தை யாரும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. கட்ட வேண்டாத வீட்டில் ஓலை மடிக்கத் தெரிந்த கை அடுத்த தலைமுறையில் இருக்காது.

வரும் புரட்டாசியில் முதல்முறையாகத் தொடங்குகிறவர்கள் மாவிலையில் தொடங்கலாம். செலவு ஒரு முழக் கயிறு. பிள்ளைகளுக்கு ஓலைச் சங்கிலி. பொறுமை உள்ளவர்களுக்குக் கதிர்க் குஞ்சம். கட்டத் தெரியாது, வாங்கத்தான் முடியும் என்கிறவர்கள், சந்தையில் ஓலைத் தோரணத்தை விலை பேசுமுன் ஒரு முனையைக் கடைக்காரரிடம் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நடு இதழைப் பார்த்து வாயால் நன்றாக ஊதுங்கள். அது மட்டும் ஆடி, பக்கத்து இதழைத் தொடாமல் தன் இடத்துக்குத் திரும்பினால், கேட்ட விலையைக் கொடுக்கலாம்.